உள்ளங்கை அளவு நீலம்

பஞ்சுக்காரர் தோளில் மாட்டியிருந்த பையை இறக்கவே இல்லை. கூடத்து வாசலில் ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே என்று அப்படியே நின்றுவிட்டார்.

சமையலறையிலிருந்து தேநீர்த் தட்டோடு வந்த அண்ணி, மனிதர் அசந்துபோய் நிற்கிறார் என்றுதான் நினைத்தாள். அசராமல் என்ன செய்வார்? போன வாரம் அவர் பார்த்துவிட்டுப் போனபோது கூடத்துச் சுவர் அடிபிடித்த பானையின் பின்புறம் மாதிரி இருந்தது. இப்போது தரையிலிருந்து உத்தரம் வரைக்கும் ஒரு பொட்டுக் கரி கிடையாது. முட்டை ஓட்டு நிறத்தில் பளிச்சென்று நின்றது.

“எப்படி சார் இருக்கு?” என்றாள். வலது தோளைத் தூக்க முடியவில்லை. அதைக் காட்டிக்கொள்ளாமல் தட்டை இடது கைக்கு மாற்றினாள்.

அவர் சுவரை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. “இது எந்தச் சுவர்?” என்றார்.

“நல்லாக் கேட்டீங்க போங்க! நீங்க முக்காலி போட்டு உக்காந்து பஞ்சால ஒத்தி ஒத்தித் தொடச்சீங்களே, அதே சுவர்தான். உள்ளங்கை அளவு தொடைக்க உங்களுக்கு ஒரு பகல் பூரா போச்சு. அந்தக் கணக்குல போனா இதை முடிக்க உங்க பேரன்தான் வந்து பையைத் தூக்கணும். அதான் நானே இறங்கிட்டேன். தேத்தண்ணி எடுத்துக்குங்க, ஆறுது.”

பஞ்சுக்காரர் தேநீரை எடுக்கவில்லை. சுவரோரம் போய், பையோடு தரையில் உட்கார்ந்தார். உட்கார்ந்தார் என்பதைவிட விழுந்தார் என்று சொல்லலாம்.

அவருக்குப் பின்னால் கைபேசியில் யாரிடமோ பேசிக்கொண்டே வந்தார் பொறியாளரம்மா. சுவரைப் பார்த்தார். “அப்புறம் கூப்பிடறேன்” என்று சொல்லிவிட்டு, கைபேசியைக் காதிலிருந்து எடுக்க மறந்து நின்றார்.

அப்போதுதான் அண்ணி சுவரை விட்டு அவர்கள் முகத்தைப் பார்த்தாள்.

அந்த வீட்டில் அவள் எல்லாருக்கும் அண்ணி. கொழுந்தன் கூப்பிட ஆரம்பித்தது, தெருவுக்கும் கடைக்கும் பரவி, அவளுக்கு வேறு பெயர் இருந்ததே ஊருக்கு மறந்துவிட்டது. கட்டிய கணவனே ஒரு தடவை வாய் தவறி, “டேய், அண்ணி எங்கடா?” என்று தம்பியிடம் கேட்டு மாட்டிக்கொண்டதுண்டு. கல்யாணத்துக்கு முன்னால் அவள் கட்டட வேலையில் சித்தாள். செங்கல், ஜல்லி, மணல், கலவை என்று அவள் தலையில் ஏறாத சாமான் இல்லை. அப்படிப்பட்டவளுக்குப் பழைய பெரிய வீட்டில் வாழ்க்கைப்படக் கொடுத்துவைத்திருந்தது. வீடு பெரியதுதான். அதில் கூட்டிப் பெருக்கித் துடைக்க இருந்தது அவள் ஒருத்தி. மூத்தவனான கணவன் லாரி ஓட்டுகிறவன், பாதி நாள் சாலையில் இருப்பான். இளையவனான கொழுந்தனுக்கு, அவள் வாயில் தம்பிக்கு, அலுவலகத்தில் வேலை. மடிப்புக் கலையாத சட்டை. அவன் குப்பையைத் தாண்டிப் போவானே தவிர எடுத்துப் போட மாட்டான்.

இருநூறு வருஷத்துக்குக் கிட்ட ஆன வீடு. தெருவை அகலப்படுத்தப் போகிறோம் என்று அளவுநாடாவோடு ஆட்கள் வந்தார்கள். அவர்கள் போட்ட கோடு கூடத்தின் நடுவே போனது. கூடம் போனால் பின்னால் இருக்கிற அறைகளும் நிற்காது. எல்லாம் அதன் தோளில் சாய்ந்துதான் நிற்கின்றன. அண்ணி மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. தம்பிதான் எங்கெங்கோ விசாரித்து, பழைய கட்டடங்களைக் காப்பாற்றுகிற நிபுணர்கள் என்று இவர்கள் இரண்டு பேரைப் பிடித்தான். வீடு காக்கவேண்டிய வீடுதான் என்று இவர்கள் சொன்னால், அரசாங்கக் குழு ஒன்று வந்து பார்க்கும். குழு மனது வைத்தால் கோடு நகரும்.

பொறியாளரம்மா முதல் நாள் உத்தரத்தைத் தட்டினார், தளத்தைத் தட்டினார், சுவரில் காது வைத்துக் கேட்டார். கூட வந்தவர் தட்டவும் இல்லை, பேசவும் இல்லை. கூடத்துச் சுவர் முன்னால் உட்கார்ந்து, குச்சியில் பஞ்சைச் சுற்றி, எதிலோ நனைத்து, ஒரே இடத்தில் ஒத்திக்கொண்டிருந்தார். பஞ்சு கறுக்கக் கறுக்க மாற்றினார். பொழுது சாயும்போது அந்தக் கறுத்த சுவரில் உள்ளங்கை அளவுக்கு ஒரு சதுரம் வெளுத்து, நீலமாகத் தெரிந்தது. அண்ணி அன்றைக்கே அவருக்குப் பஞ்சுக்காரர் என்று பெயர் வைத்துவிட்டாள்.

தம்பியும் அவர்கள் இரண்டு பேருமாக அந்தச் சதுரத்தின் முன்னால் நின்று குசுகுசுவென்று பேசினார்கள். “அண்ணி, தேத்தண்ணி” என்றான் தம்பி. அவள் போட்டுக் கொண்டுவருவதற்குள் பேச்சு முடிந்திருந்தது.

“என்னவாம் தம்பி?”

“ஒண்ணுமில்ல அண்ணி. சுத்தம் பண்ணிப் பாக்கறாங்க. குழு வர்றதுக்குள்ள முடிக்கணும்னா நாளாகும்ங்கறாங்க. திங்கட்கிழமை ஆள் சாமானோட வருவாங்க.”

அவ்வளவுதான் சொன்னான்.

அவர்கள் போன பிறகு அண்ணி அந்தச் சதுரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அறை முழுக்கக் கறுப்பு. நடுவில் ஒரே ஓர் இடம் சுத்தம். உன் வீடு எவ்வளவு அழுக்கு, பார் என்று யாரோ சுவரிலேயே எழுதி ஒட்டிவிட்டுப் போன மாதிரி இருந்தது. அந்தக் கரி அவள் காலத்துக் கரி இல்லை. முன்னொரு காலத்தில் கூடத்திலேயே பெரிய அடுப்புகள் எரிந்ததாகச் சொல்வார்கள். இருந்தாலும் வருகிறவனுக்கு அதெல்லாம் தெரியுமா? இந்த வீட்டுப் பொம்பளை கை வணங்காதவள் என்றுதானே நினைப்பான்? தவிரவும் பஞ்சுக்காரருக்கு நாள் கணக்கில் சம்பளம். குழு வேறு வந்து நிற்கப்போகிறது. நம் வீட்டு அழுக்கைத் துடைக்க நாமே இருக்கும்போது என்னத்துக்கு இன்னொருத்தர்?

கணவன் வெளியூர் சுமைக்குப் போயிருந்தான். தம்பி அலுவலக வேலையாக வெளியே தங்கிவிட்டான். அண்ணி சலவைச் சோடாவைக் கொதிக்கக் கரைத்தாள். ஏணியைப் போட்டாள்.

ஆரம்பித்தால் அரைகுறையாக விடுகிற பழக்கம் அவளுக்குக் கிடையாது. சோடாத் தண்ணீரை ஊற்றி ஊறவைத்துத் தேய்த்ததும் கரி கூழாக வழிந்தது. உள்ளே சுவர் திட்டுத்திட்டாக இருந்தது. ஓரிடம் நீலம், ஓரிடம் செம்மண் நிறம், ஓரிடம் மஞ்சள். எந்தக் காலத்திலோ யார் யாரோ மாற்றி மாற்றி அடித்த வண்ணப்பூச்சு என்று நினைத்தாள். கறுப்பாவது ஒரே கறுப்பு. திட்டுச் சுவர் அதைவிட அசிங்கம். கம்பி பிரஷ்ஷை எடுத்தாள். போகாத இடத்தில், சுவருக்குப் பட்டி பூசுகிற பட்டிக் கரண்டியால் வழித்தாள். இரண்டாம் நாள் பொழுது சாய்கையில் சுவர் ஒரே சீராக வந்துவிட்டது. குழாயை மாட்டித் தண்ணீர் அடித்துக் கழுவிவிட்டாள். ஓடின தண்ணீர் முதலில் கறுப்பாகப் போனது, அப்புறம் நீலமாகப் போனது. நன்றாக நினைவிருக்கிறது அவளுக்கு. நீலத் தண்ணீர் முற்றத்துச் சாக்கடை வாயில் சுழித்து இறங்குவதைப் பார்த்துக்கொண்டே, ‘அப்பாடா’ என்று இடுப்பை நிமிர்த்தினாள்.

பொறியாளரம்மா தன் கைபேசியை அவள் முகத்துக்கு நேரே நீட்டினார். அந்த நீலச் சதுரத்தின் படம். பெரிதாக்கிக் காட்டினார். நீலத்துக்குள் ஒரு கை இருந்தது. விரல்கள், நகம் வரைக்கும் தெரிந்தன. ஏதோ கயிற்றைப் பிடித்திருந்தது அந்தக் கை.

“சுவர் பூரா ஓவியம்மா,” என்றார். “இந்த வட்டாரத்துல இந்த மாதிரி இன்னொண்ணு இருக்கறதாத் தெரியல. இந்தச் சுவருக்காகத்தான் குழுவையே கூப்பிட்டோம். வீட்டைக் காப்பாத்தறதுக்கு நம்ம கையில இருந்ததே இது ஒண்ணுதான்.”

அண்ணிக்குக் கேட்டது. ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாகப் புரிந்தது. எல்லாம் சேர்ந்து என்ன சொல்கிறது என்பது மட்டும் மண்டைக்குள் இறங்கவில்லை.

“நீலமாத் தண்ணி போச்சு,” என்றாள்.

“என்ன?”

“கழுவும்போது. நீலமாப் போச்சு. நான் பாத்துக்கிட்டே இருந்தேன்.”

பஞ்சுக்காரர் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

தம்பி அப்போதுதான் வாசலில் செருப்பைக் கழற்றினான். “வந்தாச்சா மேடம்?” என்று சிரித்துக்கொண்டே உள்ளே வந்தவன், சுவரைப் பார்த்தான், அண்ணியைப் பார்த்தான், ஓரத்தில் கவிழ்த்து வைத்திருந்த வாளியையும் கம்பி பிரஷ்ஷையும் பார்த்தான். பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது முகம்.

“யாரு... யாரு இதைப் பண்ணது?”

பதில் வாளியிலேயே இருந்தது.

“குடியைக் கெடுத்துட்டியே!” அண்ணி என்கிற சொல் அதில் இல்லை. இத்தனை வருஷத்தில் அவன் அவளை ஒருமையில் பேசியதும் இல்லை. “வீட்டை இடிக்க அவனுங்க மெஷினோட வரணுமா? நீ ஒருத்தி போதும். உன்னை யாரு தேய்க்கச் சொன்னா? கையைக் காலை வெச்சுக்கிட்டுச் சும்மா இருக்கத் தெரியாதா உனக்கு?”

அவள் தேநீர்த் தட்டைத் தரையில் இறக்கி வைத்தாள்.

லாரியை நிறுத்திவிட்டுக் குளிக்கப் போயிருந்த அண்ணன், சத்தம் கேட்டுத் தலையைத் துவட்டிக்கொண்டே வந்தான். அவன் சாதாரணமாகப் பேசினாலே பக்கத்துத் தெரு வரைக்கும் கேட்கும். இஞ்சின் சத்தத்தோடு போட்டி போட்டே வளர்ந்த தொண்டை. தம்பி சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டு நின்றான். கடைசியில் ரொம்ப மெதுவாகக் கேட்டான்.

“சுவத்துல படம் இருக்குன்னு உனக்கு எப்பத் தெரியும்?”

“போன வாரமே தெரியும். இவங்க காட்டினாங்க.”

“எனக்குச் சொன்னியா?”

“நீ ஊர்ல இல்ல.”

“சரி. அவ இருந்தாளே. அவகிட்டச் சொன்னியா?”

தம்பி சட்டைக் கையைச் சரிசெய்துகொண்டான்.

“தேத்தண்ணி போடச் சொன்னே,” என்றான் அண்ணன். “அதை மட்டும் சொல்லியிருக்கே. சுத்தம் பண்ணணும்னு ஒரு வார்த்தையை அவ காதுல போட்டுட்டு, எதுக்குன்னு சொல்லாமப் போயிருக்கே. இவகிட்டப் போயி சுத்தம்னு சொன்னா வேற என்னடா நடக்கும்?”

அவன் தன் பக்கம் பேசுகிறான் என்பதும் அண்ணிக்கு உறைக்கவில்லை. கைபேசியில் பார்த்த அந்த விரல்கள் கண்ணை விட்டுப் போகவில்லை. வரைந்தவன் நகம் வரைக்கும் போட்டிருந்தானே! அந்த இடத்தில் தன் பிரஷ்ஷால் எத்தனை இழுப்பு இழுத்திருப்பாள்? மூன்றா, நாலா?

“மத்த சுவர்ல பாக்கலாம்ல?” என்றான் தம்பி, யாரையும் பார்க்காமல்.

பார்த்தார்கள். பஞ்சுக்காரர் எழுந்து, மற்ற மூன்று சுவர்களிலும் இங்கே கொஞ்சம் அங்கே கொஞ்சம் என்று ஒத்தி எடுத்தார். அண்ணி ஒவ்வோர் இடத்துக்கும் அவர் பின்னாலேயே போய் நின்றாள். ஒவ்வொரு தடவையும் கரிக்குக் கீழே வெறும் சுண்ணாம்புதான் வந்தது. ஒவ்வொரு தடவையும் அவளுக்கு மறுபடி முதலிலிருந்து அடி விழுந்தது.

நடுப்பகல் தாண்டியது. பொறியாளரம்மா பைகளைக் கட்டச் சொல்லிவிட்டார். பஞ்சுக்காரருக்கு மனது கேட்கவில்லை. “ஜன்னலைச் சாத்துங்க,” என்றார். கூடம் இருண்டதும் கைவிளக்கைச் சுவரோடு ஒட்டிப் பிடித்து, பக்கவாட்டில் வெளிச்சத்தை ஓடவிட்டார்.

சுவர் முழுக்கக் கீறல். வழவழவென்று நினைத்த சுவர், உழுத நிலம் மாதிரி வரிவரியாக எழுந்து நின்றது. அத்தனையும் அவள் பிரஷ்.

பஞ்சுக்காரர் திடீரென்று விளக்கை அசைக்காமல் நிறுத்தினார். “மேடம், இங்க வாங்க.” “ஈரப்பூச்சுல முதல்ல கூர்முனையால கீறி வரைஞ்சிருக்காங்க. அதுக்கு மேலதான் வண்ணம். வண்ணம் போச்சு. கீறின கோடு போகல.”

“எது கோடு, எது பிரஷ்னு எப்படிய்யா பிரிப்பே?” என்றார் பொறியாளரம்மா. “எல்லாம் ஒண்ணோட ஒண்ணு பின்னிக் கெடக்கு.”

அண்ணி கிட்டே போனாள். வெளிச்சம் விழுந்த இடத்தில் விரலை வைத்தாள்.

“இது என்னுது,” என்றாள். விரலைக் கொஞ்சம் நகர்த்தினாள். “இதுவும் என்னுது. நான் வலக்கையால இப்படி மேலயிருந்து வளைச்சு இழுப்பேன். தோள் வலிச்சப்புறம் இடக்கையால குறுக்க இழுத்தேன், இந்தா, இந்த ஓரம் பூரா அதுதான்.” விரல் நின்றது. “இது என்னுது இல்ல.”

விளக்கு அந்தக் கோட்டோடு நகர்ந்தது. ஒரு தோள். ஒரு கழுத்து. தலையில் சும்மாடு, அதன்மேல் ஒரு கூடை.

பஞ்சுக்காரர் விளக்கோடு கொஞ்சம் விலகி நின்று பார்த்துவிட்டு, சாதாரணமாகத்தான் சொன்னார்: “சித்தாளுங்க. வரிசையாப் போறாங்க. அந்தப் பக்கம் பாருங்க, பாதி எழும்பின சுவர், சாரம், கயித்துல உத்தரத்தை இழுக்கறாங்க. இந்த வீட்டைத்தான் கட்டிக்கிட்டிருக்காங்க.”

அண்ணி அந்தக் கூடைக்குக் கீழே முகம் இருக்கவேண்டிய இடத்தைத் தேடினாள். அங்கே அவள் பிரஷ் குறுக்காக நாலைந்து தடவை போய்வந்திருந்தது. பட்டிக் கரண்டியும் போட்டிருந்தாள். அந்த இடத்தில் திட்டு பிடிவாதமாக ஒட்டிக்கொண்டிருந்ததால் தம் பிடித்து வழித்தது ஞாபகம் வந்தது. சுவரைப் பிடித்துக்கொள்ளப் போனவள், தொடப் பயந்து கையை இழுத்துக்கொண்டாள்.

“உக்காரும்மா,” என்றார் பொறியாளரம்மா.

“வேணாம். விளக்கைப் பிடிக்கச் சொல்லுங்க.”

கண்ணாடி மாதிரித் தாளைச் சுவர்மேல் பொருத்தி, அதன்மேல் கோடுகளைப் படியெடுத்தார்கள். அவள் சொல்லச் சொல்ல, பழைய கோட்டைக் கறுப்பு மையாலும் அவள் கீறலைச் சிவப்பு மையாலும் பஞ்சுக்காரர் இழுத்தார். “என்னுது. என்னுது. என்னுது. இது இல்ல. என்னுது.” சிவப்புப் பேனா சீக்கிரம் தீர்ந்துபோனது. தம்பி கடைக்குப் போய் வாங்கிவந்து பஞ்சுக்காரர் கையில் கொடுத்தான். அவளைத் தாண்டித்தான் போனான், முகத்தைப் பார்க்கவில்லை. அடுத்த நாளும் அதற்கடுத்த நாளும் அப்படியே. சோறு போட்டால் சாப்பிட்டான். தட்டை அவனே கழுவி வைத்தான். அது அவளுக்கு அடியைவிட வலித்தது.

ஒரு தடவை அண்ணன், “நல்லவேளை, லாரியைக் கழுவச் சொல்லி உன்கிட்ட விட்டதில்ல, நம்பர் பிளேட்டே இருந்திருக்காது” என்று சிரிப்புக் காட்டப் பார்த்தான். அவள் அவனையே வெறித்துப் பார்த்ததில் அவன் சிரிப்பு பாதியில் செத்தது.

குழு வந்தது. தலைவர் என்று ஒரு வயதானவர், கூட இரண்டு பேர். பொறியாளரம்மா உத்தரத்தைக் காட்டினார், கட்டுமானத்தைச் சொன்னார், அந்த நீலக் கையின் படத்தைக் காட்டினார். கடைசியில் கூடத்துக்குக் கூட்டிவந்தார். படியெடுத்த தாள்களை ஒன்றாகச் சேர்த்து எதிர்ச் சுவரில் தொங்கவிட்டிருந்தார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் சிவப்புதான். கிட்டே போனால்தான் உள்ளே கறுப்பில் ஆட்கள் நடப்பது தெரியும்.

தலைவர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். “கறுப்பு பழைய கோடு, புரியுது. இந்தச் சிவப்பு என்னது? பின்னால வந்தவங்க வரைஞ்சதா?”

பொறியாளரம்மா தொண்டையைச் செருமினார். பஞ்சுக்காரர் பையின் வாரைச் சரிசெய்தார். தம்பி தரையைப் பார்த்தான்.

“அது நான்ங்க,” என்றாள் அண்ணி.

“நீங்கன்னா?”

“சோடா போட்டு, கம்பி பிரஷ்ஷால தேச்சது நான். அழுக்குன்னு நெனச்சேன். நீங்க வர்றீங்கன்னு சுத்தம் பண்ணேன். கறுப்பு அவங்க போட்டது. சிவப்பு பூரா நான்.”

தலைவர் தாளைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பிறகு கூட வந்தவர்களோடு தாழ்வாரத்துக்குப் போய்ப் பேசிவிட்டுத் திரும்பினார்.

“இந்தச் சுவரை இடிக்கக் கூடாது. கூடத்துக்கு வெளியில கோடு நிக்கட்டும். முன்னறை ரெண்டும் போகும், அதைத் தடுக்க முடியாது.” வாசல் வரைக்கும் போனவர் நின்று, அவள் பக்கம் திரும்பினார். திட்டுகிற குரலில் சொல்லவில்லை. கேட்டால் சொல்லித்தான் ஆகவேண்டும் என்பது போலச் சொன்னார். “படம் படமா இருந்திருந்தா, இந்த வீட்ல ஒரு செங்கல்லைக்கூடத் தொட விட்டிருக்க மாட்டேன்மா.”

அவர்கள் போய்விட்டார்கள். அண்ணன் உத்தரத்தை அண்ணாந்து பார்த்து நீளமாக மூச்சு விட்டான். பொறியாளரம்மா பஞ்சுக்காரரின் தோளில் தட்டினார். வீடு பாதிக்கு மேல் தப்பித்துவிட்டது என்று எல்லார் முகமும் சொன்னது. அண்ணி மட்டும் நின்ற இடத்தை விட்டு நகரவில்லை. போகப்போகிற முன்னறை இரண்டையும் தன் கையாலேயே இடித்துப் போட்ட மாதிரி, கைகளை உடம்பிலிருந்து தள்ளி வைத்துக்கொண்டு நின்றாள்.

தம்பி முன்னறைக் கதவைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்தான். அவளுடைய தையல் மெஷின், பெட்டிகள், அவன் படித்த காலத்துப் புத்தக அலமாரி எல்லாம் அங்கே இருந்தன. சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு திரும்பினான்.

“அண்ணி,” என்றான். “இதையெல்லாம் எங்க வெக்கறது?”

அதுவரை நின்றிருந்தவள், அந்தக் குரலைக் கேட்டதும் தரையில் உட்கார்ந்தாள். உட்கார்ந்தபடியே கையை நீட்டி, பெட்டிகளைக் கூடத்து ஓரமாகக் காட்டினாள்.

“சுவத்துல சாய்க்காம வைங்க தம்பி,” என்றாள்.